நாலைந்து விரற்கடை



எங்கள் புல்மோட்டைக் கடற்கரையில் நடந்தவர்களுக்கு அந்த மணலைத் தெரியும். இல்மனைற் கலந்த கறுத்த மணல். வெயிலேறினால் கால் வைக்க முடியாது. 2000 ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஒரு மாலை, நான் படிப்பித்த சிறுமிகள் சிலர் அங்கே ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். முந்தி வந்தவள் இரு கைகளையும் உயர்த்தி, "நான்தான் சுசந்திகா!" என்று கத்தினாள்.

அது யுத்த காலம். கேகாலை மாவட்டத்துச் சிங்களக் கிராமமொன்றில், வசதியற்ற குடும்பத்தில், 1975 இல் பிறந்த ஒரு பெண்ணின் பெயர் எங்கள் பிள்ளையின் வாயில் வந்தது. சில நாட்களுக்கு முன் வானொலிச் செய்திதான் அதைக் கொண்டுவந்து சேர்த்திருந்தது.

சுசந்திகா ஜயசிங்க 1997 இல் ஏதென்ஸ் நகரில் நடந்த உலக மெய்வல்லுநர் போட்டியில் 200 மீற்றரை 22.39 செக்கனில் ஓடி வெள்ளிப் பதக்கம் வென்றார். ஜமேய்க்காவின் புகழ்பெற்ற மெர்லின் ஒட்டி 22.40 செக்கனில் மூன்றாவதாக வந்தார். செக்கனின் நூறில் ஒரு பங்கு அன்று சுசந்திகாவின் பக்கம் நின்றது.

அடுத்த ஆண்டே அவர் மீது ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு எழுந்தது. பின்னர் அதிலிருந்து விடுவிக்கப்பட்டார். அந்தப் பழியைத் தாண்டித்தான் அவர் சிட்னிக்குப் போனார்.

2000 செப்டெம்பர் 28. ஒலிம்பிக் 200 மீற்றர் இறுதி ஓட்டம். அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் முதலிடம். பஹாமாஸ் நாட்டின் போலின் டேவிஸ் 22.27. சுசந்திகா 22.28. அதே நூறில் ஒரு பங்கு, இம்முறை எதிர்ப்பக்கம் நின்றது. அந்த வேகத்தில் அது ஒரு சாண்கூட இல்லை, நாலைந்து விரற்கடைதான். ஆயினும் அந்த வெண்கலம், 1948 இல் டங்கன் வைட் வெள்ளி வென்றதன் பின் 52 ஆண்டுகள் கழித்து இலங்கைக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம். இந்நாட்டுப் பெண்ணொருவர் வென்ற முதலாவது ஒலிம்பிக் பதக்கமும் அதுவே.

ஏழு ஆண்டுகளின் பின், 2007 இல், தாம் ஊக்கமருந்து பாவித்ததை மரியன் ஜோன்ஸ் ஒப்புக்கொண்டார். அவருடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 2009 டிசம்பரில் டேவிசுக்குத் தங்கமும் சுசந்திகாவுக்கு வெள்ளியும் என்று சர்வதேச ஒலிம்பிக் குழு அறிவித்தது. அந்த நாலைந்து விரற்கடைக்குள் அடங்கியிருந்தது வெள்ளியல்ல, தங்கம் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஒருமுறை பழி சுமந்து மீண்டவர், மறுமுறை பிறர் செய்த பிழையால் தமக்குரியதை ஒன்பது ஆண்டுகள் இழந்திருந்தார். ஏட்டைத் திருத்தலாம். அன்று பல்லாயிரம் பேர் முன்னிலையில் ஒரு படி உயரத்தில் நின்றிருக்க வேண்டிய அந்த நேரத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

அவரோ அதற்காகக் காத்திருக்கவில்லை. அறிவிப்பு வருமுன்பே, 2007 இல், தமது 31 ஆவது வயதில் ஒசாகாவில் ஓடி மீண்டும் உலக வெண்கலம் வென்றார்.

செய்தி வந்த வாரம் அந்தப் பழைய மாணவி என்னைக் கண்டாள். "சேர், இப்ப அது வெள்ளியாமே?" என்றாள்.

"ஓம் பிள்ளை."

சற்றுநேரம் யோசித்தாள். "நாங்க ஓடேக்க அது என்ன பதக்கமெண்டு யோசிக்கேல்லையே சேர்" என்றாள்.

அவளுக்குச் சொல்ல என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.