ஹேசில்டன் கல்லறையின் ஐந்து தலைமுறைகள்

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் ஏறத்தாழ 5,700 ஆண்டுகளுக்கு முன் எழுப்பப்பட்ட ஹேசில்டன் வடக்குக் கற்குவைக் கல்லறையில் அடக்கமான 35 பேரின் எலும்பு, பற்களிலிருந்து தொல்மரபணு, அதாவது எச்சங்களில் சிதைந்தும் அழியாது எஞ்சிய மரபுப்பொருள், பிரித்தெடுக்கப்பட்டபோது, அவர்களுள் 27 பேர் ஐந்து தலைமுறை நீண்ட ஒரே குடும்பத்தினர் என்பது தெளிவாயிற்று. ஓர் ஆணும் அவனுக்குப் பிள்ளை பெற்ற நான்கு பெண்களுமே அக்குடும்பத்தின் வேர். மரபு தந்தைவழியே தொடர்ந்தபோதும், வடக்கு, தெற்கு அறைகளுள் எதில் ஒருவரைக் கிடத்துவது என்பது பெரும்பாலும் அவர் அந்நால்வருள் எவர் வழி வந்தவர் என்பதைப் பொறுத்தே அமைந்தது. தாய்மாருக்கு அச்சமூகம் அளித்த இடத்தை இதைவிட உறுதியாகக் காட்டும் சான்று அரிது. குடும்பத்தில் பிறந்து வளர்ந்து ஆளான மகள்கள் அங்கே காணப்படவில்லை. சிறுவயதில் இறந்த பெண்குழந்தைகளோ அடக்கமாகியுள்ளனர். தாய் வேறொருவனுக்குப் பெற்ற மகன்களும், தந்தைவழிக் குருதியுறவு இல்லாதிருந்தும், குடும்பத்தாராகவே அங்கு இடம்பெற்றுள்ளனர்.