எண்ணெய் எக்கியின் தேய்மானச் சோதனை

எண்ணெய் எக்கி (ஆயில் பம்ப்) என்பது உள் எரி பொறியின் அடித்தொட்டியிலிருந்து மசகு எண்ணெயை உறிஞ்சி, தாங்கிகளுக்கும் பிற அசையும் பாகங்களுக்கும் அழுத்தத்துடன் அனுப்பும் உறுப்பு ஆகும். பொறியைப் பிரித்துப் பழுதுபார்க்கும்போது இதுவும் கழற்றிச் சோதிக்கப்படுகிறது.

பெரும்பாலான பொறிகளில் எண்ணெய், எக்கியைக் கடந்த பின்னரே வடிகட்டியை அடைகிறது. எக்கிக்கு முன்னால் இருப்பது ஒரு கம்பிவலை மட்டுமே. எனவே வலையில் நுழையும் உலோகத் துகள்கள் முதலில் எக்கியையே கீறுகின்றன.

துகள்கள்

கழுவுவதற்கு முன்பே துகள்களைப் பார்த்தல் வேண்டும். காந்தத்தில் ஒட்டுபவை பெரும்பாலும் இரும்பு அல்லது எஃகு. ஒட்டாத வெண்ணிறத் துகள்கள் அலுமினியப் பிஸ்டனிலிருந்தோ தாங்கியின் மேற்பூச்சிலிருந்தோ வந்திருக்கலாம். செம்பு நிறத் துகள்கள், தாங்கி மேற்பூச்சைக் கடந்து உள்ளடுக்கு வரை தேய்ந்திருப்பதைக் காட்டக்கூடும்.

அளவீடு

சுழலி வகை எக்கியில் உட்சுழலிக்கும் வெளிச்சுழலிக்கும் இடையிலும், வெளிச்சுழலிக்கும் கூட்டுக்கும் இடையிலும் உள்ள இடைவெளிகள் ஃபீலர் கேஜ் கொண்டு அளக்கப்படுகின்றன. கூட்டின் மீது நேர்விளிம்பை வைத்துப் பக்க இடைவெளி அளக்கப்படுகிறது. இவை மில்லிமீட்டரின் சிறு பின்னங்களே. ஏற்கத்தக்க எல்லை பொறிக்குப் பொறி வேறுபடுவதால் தயாரிப்பாளரின் கையேட்டையே பின்பற்ற வேண்டும். இடைவெளி மிகுந்தால் எண்ணெய் பின்கசிந்து அழுத்தம் குறையும்.

அழுத்தந்தணி வால்வு

இவ்வால்வு தடையின்றி நகர வேண்டும். துகள் சிக்கித் திறந்தே நின்றால், எக்கி நன்றாக இருந்தும் அழுத்தம் குறையும்.

மாற்றுதல்

துகள்களின் மூலத்தைக் கண்டறியாமலும், எண்ணெய் வழிகளைத் தூய்மை செய்யாமலும் எக்கியை மட்டும் மாற்றினால் புதியதும் விரைவில் கெடும். பொருத்தும்போது எக்கியில் எண்ணெய் நிரப்பப்படுகிறது. இல்லையெனில் பொறி தொடக்கத்தில் எண்ணெயின்றி இயங்க நேரிடும்.