பம்பாயில் வளர்ந்த ஆயுள் காப்பீடும் இறுதிக் காலச் செலவும்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம் நாட்டுப் பழமொழி. மனிதனுக்கு அப்பெருமை இயல்பாக வாய்ப்பதில்லை. உழைக்கும் நாளில் அவன் கையில் பொருள் உண்டு. இறந்த பின்னும் குடும்பத்திற்குப் பொருள் கிடைக்க வேண்டுமாயின், முன்கூட்டியே வழி செய்தல் வேண்டும். அவ்வழியே ஆயுள் இன்ஷூரன்ஸ் எனப்படும் ஆயுள் காப்பீடு. ஆயின், இருப்பதற்கும் இறப்பதற்கும் இடையே படுக்கையில் கழியும் நாட்கள் சில உண்டு. அந்நாட்களின் செலவை யார் ஏற்பது? இக்கேள்வியின் வரலாற்றில் முக்கியமான பகுதிகள் பல, இன்று மும்பை என வழங்கும் பம்பாயிலேயே நிகழ்ந்தன. தாணேவிலிருந்து நாள்தோறும் அந்நகருக்கு ரயிலேறிச் சென்று பிழைக்கும் தமிழர்களாகிய நாம் அதனை அறிந்திருத்தல் நலம்.

இந்தியாவில் ஆயுள் காப்பீடு, 1818-இல் கல்கத்தாவில் தோன்றிய ஓரியண்டல் கம்பெனியுடன் தொடங்கிற்று. 1829-இல் சென்னையில் மெட்ராஸ் ஈக்விடபிள் என்னும் கம்பெனி பிறந்தது. அக்காலக் கம்பெனிகள் பெரும்பாலும் ஐரோப்பியர் நலன் கருதியே நடந்தன. இந்தியனின் உயிர் நிலையற்றது என்று எண்ணி அவனை ஏற்க மறுத்தன. ஏற்றாலும் மிகுதியான பிரீமியம் கேட்டன. 1871-இல் தோன்றிய பாம்பே மியூச்சுவல் சங்கமே இந்தியர்களைச் சாதாரணக் கட்டணத்தில் ஏற்று அவ்வேற்றுமையைக் களைந்தது. மூன்றாண்டு கழித்து, 1874-இல், டங்கன் மெக்லாக்லன் ஸ்லேட்டர் என்பார் பம்பாயில் ஓரியண்டல் கவர்ன்மெண்ட் செக்யூரிட்டி ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியை நிறுவினார். கல்கத்தாக் கம்பெனி வேறு, இது வேறு.

இந்தியனின் உயிர் உண்மையிலேயே எவ்வளவு நிலையற்றது? இதற்கு விடை சொல்ல வல்லவர் ஆக்சுவரி எனப்படும் காப்பீட்டுக் கணிதர். ஒருவர் எப்போது இறப்பார் என்று அவர் கூறமாட்டார். அது சோதிடர் வேலை. ஒரே வயதுடைய ஆயிரவருள் இவ்வாண்டில் எத்தனை பேர் இறக்கக் கூடும் என்பதைப் பழைய பதிவேடுகளைக் கொண்டு கணித்துச் சொல்வார். அக்கணக்கின் தொகுப்பே இறப்பு அட்டவணை. ஓரியண்டல் கம்பெனி தன்னிடம் பதிந்த இந்திய உயிர்களின் அனுபவத்திலிருந்தே அத்தகைய அட்டவணைகளை உண்டாக்கிற்று. 1925 முதல் 1935 வரையிலான அனுபவத்தைக் கொண்ட அதன் அட்டவணை, நெடுங்காலம் இந்நாட்டுக் காப்பீட்டுக் கணக்குகளுக்கு அடிப்படையாய் நின்றது.

1931-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின் கணக்கீட்டு அறிக்கையை எழுதியவர் எல்.எஸ். வைத்தியநாதன் என்னும் ஆக்சுவரி. அக்காலக் கணக்கின்படி, பிறந்த குழந்தைக்கு எதிர்பார்க்கத்தக்க ஆயுள் சுமார் 27 ஆண்டே. அனைவரும் 27-இல் இறந்தனர் என்பது இதன் பொருளன்று. குழந்தைகள் பலர் மடிந்தமையால் சராசரி அவ்வளவு தாழ்ந்தது. 2016-20 காலத்துக் கணக்கில் அதே எண் 70 ஆயிற்று. விரைவாகக் கொல்லும் காய்ச்சல்கள் குறைந்தன. புற்றுநோய், இதய நோய், பக்கவாதம் போன்ற நெடுநாள் நோய்கள் முதுமையோடு சேர்ந்து வந்தன. ஆயுள் நீண்டது; இறுதிப் படுக்கையின் செலவும் அதனோடு நீண்டது.

பெரிய கம்பெனிகளை அணுக இயலாத எளியோர் தமக்குள்ளேயே சகாய நிதிகளை அமைத்துக் கொண்டனர். நூறு பேர் சேர்வர். ஒருவர் இறந்தால் மற்றவர் ஆளுக்கு ஒரு ரூபாய் தருவர் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் எல்லோரும் இளைஞர், ஆண்டுக்கு ஒரு சாவு, சுமை தெரியாது. இருபது ஆண்டு சென்றால் ஆண்டுக்கு நான்கு, ஐந்து சாவு. இளைஞருக்கும் முதியவருக்கும் ஒரே சந்தா ஆதலால் புதிய இளைஞர் சேரமாட்டார். முதியவரே எஞ்சி நிற்க, கடைசியில் இறப்பவர் குடும்பத்திற்கு ஒன்றும் மிஞ்சாது. இதில் வஞ்சகம் எவரிடத்தும் இல்லை, கணக்கில்தான் பிழை. இத்தகைய கேடுகளைத் தடுக்கும் பொருட்டே, பிரீமிய விகிதங்களுக்கு ஆக்சுவரியின் சான்று வேண்டும் என்று 1912-ஆம் ஆண்டுச் சட்டங்கள் விதித்தன. 1956 செப்டம்பர் 1 அன்று இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம் பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்டு பிறந்தபோது, அதில் இணைந்த 245 நிறுவனங்களுள் 75 இவ்வகைப் பிராவிடண்ட் சங்கங்களே.

சாவுக்குக் கணக்குக் கண்டாயிற்று. நோய்க்கு ஏன் அத்துணை எளிதில் காண இயலவில்லை? சாவு ஒருமுறையே வரும். அதற்குத் தரவேண்டிய தொகையும் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கும். இறுதி நோயோ பத்து நாளும் இருக்கலாம், பத்து மாதமும் இருக்கலாம். அதன் செலவை நோயாளியின் உடல்நிலை மட்டும் நிர்ணயிப்பதில்லை. மருத்துவர் எழுதும் சீட்டும், மருத்துவமனையின் கட்டணமும், ‘எப்படியாவது காப்பாற்றுங்கள்’ என்று கைகூப்பும் மக்களின் பாசமும் நிர்ணயிக்கின்றன. மேலும், நோய் வரும் என்று அஞ்சுபவரே முந்திக்கொண்டு சேர்வர். ஆதலின் காப்பீட்டாளர் வயது வரம்பும் காத்திருப்புக் காலமும் வைத்தனர்.

தொழிலாளருக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஈ.எஸ்.ஐ. திட்டம் வந்தது, 1952-இல் அது கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிற்று. ஆயினும் தாராவியின் தோல் பட்டறை போன்ற சிறு தொழிலிடங்களில் உழைத்தோருள் பலருக்கு அதன் நிழல் எட்டவில்லை. பொதுமக்களுக்கான மெடிக்ளெய்ம் பாலிசியை அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 1986-இல் கொணர்ந்தன. குறைந்தது 24 மணி நேரமாவது மருத்துவமனையில் தங்கினால்தான் பணம் என்பது அதன் பொது விதி. மருத்துவம் கைவிட்டு, வீட்டுக் கட்டிலில் வலியோடு கிடப்பவர் இவ்விதிக்குள் எளிதில் அடங்கார்.

அதே 1986-இல், இதே நகரின் பாந்திராவில், டாக்டர் எல்.ஜே. டிசோசாவின் முயற்சியால் சாந்தி அவேத்னா ஆசிரமம் தோன்றிற்று. குணமாக்க இயலாத புற்றுநோயாளிகளை ஏற்று, வலி தணித்து, கட்டணமின்றி இறுதிவரை பேணிய இதுவே இந்தியாவின் முதல் இல்லமாகும். மருத்துவமனைச் செலவுக்குக் கணிதர் விலை குறித்த அதே ஆண்டில், விலை குறிக்க இயலாத பணியை அறநெஞ்சினர் ஏற்றனர். கேரளம் ஒருபடி மேலே சென்று, 2008-இல் வலிதணிப்பு மருத்துவத்தை மாநிலக் கொள்கையாகவே அறிவித்தது. அங்கே அண்டை அயலாரே தொண்டர்களாகி நோயாளியின் வீடு தேடிச் செல்கின்றனர்.

அரசுகளும் வாளாவிருக்கவில்லை. 2009-இல் தமிழ்நாட்டிலும் 2012-இல் மகாராஷ்டிரத்திலும் எளியோர்க்கான மருத்துவக் காப்பீடு வந்தது. 2024 அக்டோபரில், 70 வயது நிறைந்தோர் அனைவருக்கும் வருமான வரம்பின்றி, குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மைய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் விரிக்கப்பட்டது. நாட்டின் மருத்துவச் செலவில் மக்கள் நேரே கைவிட்டுக் கொடுக்கும் பங்கு 2013-14-இல் 64.2 விழுக்காடு, 2021-22-இல் 39.4 விழுக்காடு. குறைந்தது உண்மை, ஆயின் நூற்றுக்கு நாற்பது இன்னும் நம் மடியிலிருந்தே போகின்றது. குடும்ப அட்டை ஊரிலும் பிழைப்பு இங்குமாக வாழும் நம்மவருக்கோ, எந்த மாநிலத் திட்டம் தமக்கு உரியது என்ற குழப்பமும் சேர்கின்றது.

சங்கத்து அன்பர் ஒருவர் நோயுற்றால் நாம் கூடுகிறோம். மறைந்தால் ஊருக்கு அனுப்பப் பணம் திரட்டுகிறோம். இப்பண்பு போற்றத்தக்கதே. ஆயினும் இரக்கம் மட்டும் நிதியாகாது என்பதை அந்தப் பழைய சகாய நிதிகளின் வீழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது. நம்மிடையே நிதியொன்று அமைப்பதாயின், வயதுக்கேற்ற சந்தாவும் கணிதரின் ஆலோசனையும் அதற்கு வேண்டும். முதியோர் வீடுகளுக்குச் சென்று, எந்தத் திட்டத்திற்கு அவர்கள் உரியவர் எனப் பார்த்துப் பதிவு செய்துதரும் இளைஞர் குழுவொன்றும் வேண்டும். அதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் போதும். அடுத்த ஆண்டு விழாவுக்குள் இவ்விரண்டையும் தொடங்கிவிடுதல் நம் கடமையென்று கருதுகிறோம்.