மதிப்பெண், தரவரிசை, சேர்க்கை வாய்ப்பு: அமெரிக்கப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் கணிப்பின் எல்லைகள்

எஸ்.ஏ.டி. தேர்வு மதிப்பெண்ணையும் பள்ளிக்குள் பெற்ற தரவரிசையையும் வாங்கிக்கொண்டு, இன்ன பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க இத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்லும் கணிப்புகள் அமெரிக்காவில் மலிந்துவிட்டன. அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதைத் தீர்மானிப்பது கணக்கின் நுட்பம் அன்று, சேர்க்கை முறையின் தன்மையே என்பது இக்கட்டுரையின் வாதம். விதிக்குக் கட்டுப்பட்ட நிறுவனத்தில் ஓர் எண்ணே முடிவைச் சொல்லிவிடும். தன் விருப்பப்படி பொறுக்கியெடுக்கும் நிறுவனத்தில் இரண்டு எண்கள் சேர்ந்தாலும் பாதி வழிதான் வரும்.

விதிவழிச் சேர்க்கைக்குத் தெளிவான சான்று டெக்சாஸ். சேர்க்கையில் இனத்தைக் கருதுவதற்கு 1996இல் ஹாப்வுட் வழக்கின் தீர்ப்பு தடையிட்டது. அடுத்த ஆண்டே, பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வருவோருக்கு மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி என்று அங்கே சட்டம் இயற்றினார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் நெரிசல் மிகவே, இவ்வழியில் நிரப்பும் இடங்களுக்கு உச்சவரம்பு விதிக்க 2009இல் திருத்தம் வந்தது. அதன்பின் அங்கே எல்லைக்கோடு இறங்கி, பல ஆண்டுகள் 6 சதவீதத்தில் நின்று, 2026 சேர்க்கைக்கு 5 ஆகிவிட்டது. எல்லைக்குள் வந்த மாணவருக்கு நிகழ்தகவுக் கணக்கே வேண்டியதில்லை. ஆனால் உறுதி பல்கலைக்கழகத்துக்கு மட்டுமே. கணினி அறிவியலோ பொறியியலோ விரும்பினால் மறுபடியும் போட்டிதான்.

தரவரிசைக்கு இவ்வளவு எடை கொடுத்தால் தரவரிசையே மாறத் தொடங்கும். போட்டி குறைந்த பள்ளிக்கு மாறி முன்வரிசை பிடிக்கச் சில குடும்பங்கள் முயன்றதைக் கல்லென், லாங், ரீபேக் ஆகியோரின் 2013 ஆய்வு காட்டியது. வசதியான புறநகர்ப் பள்ளிகளிலும் தனியார் பள்ளிகளிலும் பல, தரவரிசை தருவதையே நிறுத்திவிட்டன. அப்பள்ளிகளின் மாணவர்களைப் பொறுத்தவரை கணிப்புக்கு உள்ளிட வேண்டிய இரண்டாம் எண்ணே இல்லை.

சிக்கலின் மையம் வேறிடத்தில் இருக்கிறது. பெரும்பாலான கல்லூரிகள் ‘காமன் டேட்டா செட்’ என்ற பொதுப் படிவத்தில் சேர்ந்த மாணவர்களின் மதிப்பெண் பரவலை வெளியிடுகின்றன. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இம்மதிப்பெண் பெற்றவர்கள் என்பது அதில் தெரியும். மாணவர் கேட்பதோ, இம்மதிப்பெண் பெற்றவர்களில் எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள் என்பதை. இரண்டும் ஒன்றல்ல. ஒரு கல்லூரி 1,000 பேரைச் சேர்த்தது, அவர்களில் 500 பேர் 1530க்கு மேல் என்று கொள்வோம். அம்மதிப்பெண்ணோடு விண்ணப்பித்தவர்கள் 2,000 பேர் என்றால் வாய்ப்பு 25 சதவீதம். 10,000 பேர் என்றால் 5 சதவீதம். வெளியான அட்டவணை இரண்டு நிலையிலும் ஒன்றே. விண்ணப்பித்தோரின் பரவல் தெரியாமல் இதைத் திருப்பிப் போட முடியாது. அந்தப் பரவலைத்தான் கல்லூரிகள் பொதுவாக வெளியிடுவதில்லை. 2020க்குப் பின் பல கல்லூரிகள் தேர்வு மதிப்பெண்ணை விருப்பத் தெரிவாக்கியதால் கூடுதல் எடுத்தவர்களே அதைச் சமர்ப்பித்தார்கள். வெளியான பரவலும் மேலேறியது. எம்.ஐ.டி. 2022இலும் டார்ட்மத் 2024இலும் தேர்வைக் கட்டாயமாக்கும் முடிவுக்குத் திரும்பின.

விண்ணப்பித்தோரின் தரவு வெளியே வந்த அரிய தருணம், சேர்க்கையில் இனத்தைக் கருதுவது பற்றிய ஹார்வர்டு வழக்கு. அங்கே மதிப்பெண்களைக் கொண்டு கட்டிய கல்விக் குறியீட்டின்படி விண்ணப்பதாரர்களைப் பத்து அடுக்குகளாகப் பிரித்திருந்தார்கள். உச்ச அடுக்கில் இருந்த ஆசிய அமெரிக்கர்களில் சேர்க்கப்பட்டவர்கள் 12.7 சதவீதம் என்பதை உச்ச நீதிமன்றத்தின் 2023 தீர்ப்பும் சுட்டுகிறது. எண்களால் இதற்கு மேல் உயர இடமில்லாத நிலையிலும் எட்டில் ஏழு பேருக்கு இடமில்லை! கட்டுரைகள், பரிந்துரைக் கடிதங்கள், விளையாட்டு, பெற்றோர் அங்கே படித்த பின்புலம் என அந்த எண்ணில் அடங்காதவை பல இருந்தன. உச்சியில் எல்லோருடைய மதிப்பெண்ணும் நெருங்கிக் கிடப்பதால், கணிப்பு மிகவும் தேவைப்படும் அந்த இடத்தில்தான் அது மிகக் குறைவாகச் சொல்கிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் 200க்கு இத்தனை என்ற கட்-ஆஃபோடு பழகிய பெற்றோர் அமெரிக்க எண்ணையும் அவ்வாறே வாசிப்பது இயல்பு. கலந்தாய்வில் தரவரிசைப் பட்டியல்தான் அழைக்கும் வரிசை. சென்ற ஆண்டின் கடைசி மதிப்பெண் அங்கே நல்ல வழிகாட்டி. ஹார்வர்டில் அப்படியொரு கோடே கிடையாது.

கணிப்பை நம்பிச் செய்யும் இன்னொரு கணக்கும் தவறானது. தலா 10 சதவீத வாய்ப்புள்ள எட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தால் ஏதாவது ஒன்றில் இடம் கிடைக்க 57 சதவீத வாய்ப்பு என்பார்கள். எட்டு முடிவுகளும் ஒன்றையொன்று சாராதவை என்றால்தான் அது சரி. ஒரே விண்ணப்பத்தை ஒத்த அளவுகோல்களால் எடைபோடும் கல்லூரிகளின் முடிவுகள் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். ஆகவே உண்மையான வாய்ப்பு 57க்குக் கீழேதான்.

இவ்வகைக் கணிப்பை முற்றிலும் தள்ளிவிடவும் கூடாது. எந்தக் கல்லூரி எட்டாதது என்பதை அது ஓரளவு சரியாகவே காட்டும். ஆனால் அது ஒத்த எண்களுடைய ஒரு கூட்டத்தைப் பற்றிய கூற்று. அதை ஒற்றைச் சதவீதமாகத் தராமல் வீச்சாகத் தருவதே முறை. சேர்ந்தோரின் பரவலோடு விண்ணப்பித்தோரின் பரவலையும் பெயரின்றி, மதிப்பெண் அடுக்குவாரியாகக் கல்லூரிகள் வெளியிட வேண்டும். நீதிமன்றம் கேட்டபோது ஹார்வர்டால் தர முடிந்த தரவை, மாணவர் கேட்கும்போதும் தர முடியும்.