வெளிநாட்டுத் தொழில்முனைவோரும் உரிமையாளர் அந்தரங்கமும்

இந்தியாவில் நிறுவனம் தொடங்கும் வெளிநாட்டவர் தம் பெயர், முகவரி, பங்குரிமை ஆகியவற்றை யாரிடம், எந்த அளவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பற்றிய சட்ட வரலாறு இது. பதிவேட்டில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதோடு நின்றுகொண்ட சட்டம், 1970களிலிருந்து அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவரையும் கேட்கத் தொடங்கியது.

நாட்டின் எந்த மாநிலத்தில் பதிந்தாலும் இந்தச் சட்டம் ஒன்றே என்பது, எல்லையூரான திருத்தணியை வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. இங்கே பதிவு அலுவலகம் வைக்கும் நிறுவனம் சென்னையிலுள்ள நிறுவனப் பதிவாளரிடம் பதிவாகும். எல்லை தாண்டி நகரியில் வைத்தால் விஜயவாடா பதிவாளரிடம். நிறுவன அடையாள எண்ணில் 'டிஎன்' என்பது 'ஏபி' ஆகும், அவ்வளவுதான். உரிமையாளரை மறைக்க எந்தப் பக்கத்திலும் கூடுதல் வசதி கிடையாது; நிறுவனப் பதிவு ஒன்றிய அரசின் அதிகாரத்தில் உள்ளது. அமெரிக்காவில் இது மாநிலத்தின் பொறுப்பு. டெலவேர் மாநிலத்தில் எல்எல்சி வகை நிறுவனத்தைப் பதிவு செய்ய உரிமையாளர் பெயரையே கேட்பதில்லை. இப்படி மறைவிடம் தருவதில் மாநிலங்கள் போட்டியிடும் நிலை இந்தியாவில் இல்லாதது நல்லதே.

இங்குள்ள 21 இலக்க அடையாள எண்ணே பாதிச் செய்தியைச் சொல்லிவிடும். வெளிநாட்டு நிறுவனத்தின் துணையாக அமையும் தனியார் நிறுவனத்தின் எண்ணில் 'எஃப்டிசி' என்ற மூன்று எழுத்துகள் இருக்கும். விலைச்சீட்டையோ கடிதத்தாளையோ பார்ப்பவருக்கே முதலீடு வெளியிலிருந்து வந்தது தெரிந்துவிடும்.

ஆங்கிலேயர் காலத்து நிலை வேறு. ஒருவர் தம் சொத்தை இன்னொருவர் பெயரில் வைக்கும் பினாமி முறையை இந்திய வழக்கமாக, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1854இல் ஏற்றுக்கொண்டது. 1913ஆம் ஆண்டு நிறுவனச் சட்டமும் அதன் வழிவந்த 1956ஆம் ஆண்டுச் சட்டமும், பங்கை ஒருவர் இன்னொருவருக்காக வைத்திருக்கும் செய்தியை உறுப்பினர் பதிவேட்டில் ஏற்றக் கூடாது என்றன. பங்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரே உரிமையாளர். பின்னால் இருப்பவரை நிறுவனம் கேட்க வேண்டியதில்லை.

1974ஆம் ஆண்டுத் திருத்தம் 187சி பிரிவைச் சேர்த்து இதை மாற்றியது. பெயருக்குப் பங்கு வைத்திருப்பவரும் பலனை அனுபவிப்பவரும் நிறுவனத்திடம் உண்மையை அறிவிக்க வேண்டும் என்றது. 1988இல் பினாமி பரிவர்த்தனைத் தடைச் சட்டம் வந்தது. விதிகள் வகுக்கப்படாமலே கிடந்த அந்தச் சட்டம், 2016 நவம்பர் 1 முதல்தான் திருத்தத்தால் உயிர்பெற்றது.

இன்றைய நடைமுறை 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தில் உள்ளது. தனியார் நிறுவனத்துக்குக் குறைந்தது இரண்டு உறுப்பினர்கள் தேவை. முழுப் பங்கையும் தானே வைத்திருக்க விரும்பும் வெளிநாட்டுத் தாய் நிறுவனம் ஒரு பங்கை மட்டும் நாமினி (பெயருக்குப் பங்கு வைத்திருப்பவர்) ஒருவர் பெயரில் போட்டு அந்த நிபந்தனையை நிறைவேற்றும். இது சட்டத்துக்கு உட்பட்டதே, மறைக்காதவரை. நாமினி எம்ஜிடி-4 படிவத்திலும், உண்மை உரிமையாளர் எம்ஜிடி-5 படிவத்திலும் 30 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். நிறுவனம் அதை எம்ஜிடி-6 வழியாகப் பதிவாளருக்குத் தெரிவிக்கும். இந்த அறிவிப்பைச் செய்யாத உரிமையாளர் அந்தப் பங்கின் மேல் எந்த உரிமையையும் நிலைநாட்ட முடியாது என்கிறது 89ஆம் பிரிவு. அபராதத்தைவிடக் கடுமையான தண்டனை இதுதான். ஒளிந்திருப்பவரின் பங்கை நாமினி ஏப்பம் விட்டால் கேட்க ஆளில்லை. நிதியாண்டில் 182 நாளாவது இந்தியாவில் தங்கும் இயக்குநர் ஒருவரும் கட்டாயம். முழு நிர்வாகத்தையும் கடல்கடந்து வைத்துக்கொள்ள முடியாது.

மறைவான நிறுவனங்களின் உண்மை உரிமையாளர்களை அம்பலப்படுத்திய பனாமா ஆவணங்கள் 2016இல் வெளியான பிறகு உலகெங்கும் கெடுபிடி கூடியது. இந்தியாவில் 2018 ஜூனில் வந்து 2019 பிப்ரவரியில் திருத்தப்பட்ட விதிகள், 10 விழுக்காடோ அதற்கு மேலோ பலனுரிமை உள்ள தனிநபரை, இடையில் எத்தனை நிறுவனங்கள் அடுக்கடுக்காக இருந்தாலும், அடையாளம் காட்டச் சொல்கின்றன. பங்கு இல்லாமலே கட்டுப்பாடு செலுத்துபவரும் இதில் சிக்குவார். லிங்க்ட்இன் இந்தியா வழக்கில் டெல்லி பதிவாளர் 2024 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெள்ளாவையே இவ்வகை உரிமையாளர் என்று முடிவுசெய்து, அவருக்கு 2 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தார். இதற்கிடையே, இந்தியாவுடன் நில எல்லை உள்ள நாட்டவரின் முதலீட்டுக்கு 2020 ஏப்ரலில் முன் அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. கடலால் பிரிந்த இலங்கைக்கு அது பொருந்தவில்லை.

அரசுக்குத் தெரிய வேண்டியது வேறு, ஊருக்குத் தெரிய வேண்டியது வேறு. இந்த வேறுபாட்டைச் சட்டம் தாமதமாகவே உணர்ந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டில் வந்த விதித் திருத்தம், உறுப்பினர் பதிவேட்டைப் பார்வையிடுவோருக்கு முகவரி, மின்னஞ்சல், பான் எண் ஆகியவற்றைக் காட்ட வேண்டாம் என்றது.

ஆனால் நிறுவனத்தின் அமைப்பு ஆவணமான மெமோராண்டத்தின் கடைசிப் பக்கம் அப்படியே இருக்கிறது. நோட்டரியும் அப்போஸ்டில் முத்திரையும் பெற்று வெளிநாட்டவர் கையெழுத்திடும் அந்தப் பக்கத்தில் அவர் பெயர், முகவரி, தொழில், எடுத்த பங்குகள் எல்லாம் வரிசையாக உள்ளன. 100 ரூபாய் கட்டினால் யாரும் பார்க்கலாம். பிரிட்டனில் இயக்குநர்களின் வீட்டு முகவரி 2009 அக்டோபர் முதல் பொதுப் பதிவேட்டுக்கு வருவதில்லை. அங்கே நிறுவனத்தைக் கட்டுப்படுத்துபவரின் பெயரோ 2016 முதல் பகிரங்கம். பெயர் வெளியே, வீடு உள்ளே என்ற அந்த முறையை மெமோராண்டத்துக்கும் இந்திய அரசு கொண்டுவர வேண்டும்.