ஹென்றி ஃபோர்டின் வெற்றி யாருக்கு உரியது?

கணினித் தொழிலில் இறங்கிச் சில ஆண்டுகளுக்குள் அளவிறந்த செல்வம் திரட்டியோரைப் பற்றி இந்நாளில் இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. அவர்தம் அறிவும் துணிவும் ஈட்டிய செல்வம் அது என்பர் ஒரு சாரார். பல்லாயிரவர் உழைப்பை ஒருவர் தம் பெயரில் எழுதிக்கொண்டார் என்பர் மற்றொரு சாரார். இவ்வழக்குப் புதியதன்று. நூறாண்டுகளுக்கு முன்னரே ஹென்றி ஃபோர்டு என்னும் அமெரிக்கரைச் சுற்றி இது எழுந்தது. இன்றைய செல்வர்களின் கதை இன்னும் முடியவில்லை. ஃபோர்டின் கதையோ முடிந்த கதை. வரவும் செலவும் தெரிந்த பின்னர்த் தீர்ப்புக் கூறுதல் எளிது. மேலும், அவர் செய்த வண்டிகள் உருண்டோடுவதற்கு வேண்டிய இரப்பர் நம் மலாயா மண்ணிலும் விளைந்ததாதலின், நமக்கு அது முற்றிலும் அயலார் கதையும் ஆகாது.

மிச்சிகன் மாநிலத்து உழவர் குடும்பமொன்றில் 1863-ஆம் ஆண்டு பிறந்த ஃபோர்டு, பதினாறாம் வயதில் டெட்ராய்ட் நகருக்குச் சென்று பட்டறையில் தொழில் பயின்றார். பின்னர் எடிசன் பெயர் தாங்கிய மின்விளக்கு நிறுவனத்தில் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். 1896-இல் தம் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் மோட்டார் வண்டியொன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். அதன்பின் 1899-இல் அவரை நம்பித் தொடங்கப்பெற்ற முதல் நிறுவனம் 1901-இல் கலைந்தது. இரண்டாம் நிறுவனம் அவர் பெயரையே தாங்கியது. ஆயினும் பங்குதாரரோடு மாறுபட்டு 1902-இல் அவர் வெளியேறினார். எஞ்சிய கருவிகளை விற்றுவிட எண்ணிய பங்குதாரர், அவற்றை மதிப்பிட ஹென்றி லீலண்டு என்னும் நுண்பொறி வல்லுநரை அழைத்தனர். விற்க வேண்டா, நடத்துங்கள் என்றார் லீலண்டு. அந்நிறுவனமே கேடிலாக் என்னும் பெயரோடு புகழ்பெற்றது. தனித்திறமை ஒன்றே வெற்றி தந்தது என்று வாதிடுவோர் இவ்விரு தோல்விகளையும் விரைந்து கடந்துவிடுகின்றனர். அங்கே இருந்தவரும் அதே ஃபோர்டுதான். அதே அறிவும் அதே விடாமுயற்சியும் அவரிடம் இருந்தன.

மூன்றாம் முயற்சி 1903 சூன் 16-இல் தொடங்கியது. ரொக்கமாகச் சேர்ந்த முதல் 28,000 டாலர். எந்திரம், பல்லிணைப்பு, அச்சு ஆகியவற்றை டாட்ஜ் உடன்பிறந்தார் இருவர் தம் பட்டறையில் செய்து தந்தனர். முதலாண்டுகளில் ஃபோர்டு தொழிற்கூடத்தில் நடந்த வேலை, வந்திறங்கிய உறுப்புகளை ஒன்றுசேர்த்தலே. கணக்கையும் விற்பனையையும் ஜேம்ஸ் கசன்ஸ் என்பார் கட்டிக் காத்தார். நிலக்கரி வணிகர் ஒருவரிடம் எழுத்தராக இருந்தவர் அவர். அவருடைய சகோதரி இந்நிறுவனத்தில் இட்ட தொகை 100 டாலர். 1919-இல் அப்பங்கை ஃபோர்டு திரும்ப வாங்கியபோது அவ்வம்மையார் பெற்றது இரண்டரை இலட்சம் டாலருக்கும் மேல். ஊதியத்தின் அளவைக் கொண்டு உழைப்பின் அளவை மதிப்பிடுவோர் இந்த ஒரு கணக்கை எண்ணிப் பார்த்தல் தகும்.

ஃபோர்டுக்கு உரியதை மறுத்தலும் நேர்மையாகாது. அக்காலத்தில் மோட்டார் வண்டி செல்வர் வீட்டு விளையாட்டுப் பொருள். விலை மிகுந்த வண்டிகளைச் செய்வதே ஊதியம் தரும் என்று முதன்மைப் பங்குதாரர் கருதினார். எளியோரும் வாங்கத்தக்க ஒரே வகை வண்டியைப் பெருந்தொகையாகச் செய்ய வேண்டும் என்று ஃபோர்டு விடாப்பிடியாக நின்றார். 1906-இல் அப்பங்குதாரர் விலகும்வரை நின்றார். 1908-இல் ‘மாடல் டி’ வெளிவந்தபோது அதன் விலை 850 டாலர். 1925-இல் அவ்வகையின் மிக எளிய வண்டி 260 டாலருக்குக் கிடைத்தது. 1927-இல் அதன் உற்பத்தி நின்றபோது ஒன்றரைக் கோடி வண்டிகள் உருவாகியிருந்தன. விலையைக் குறைத்துக்கொண்டே செல்லும் இவ்வுறுதி ஃபோர்டுடையதே. இதனைப் பிறர்க்கு உரியதாக்கச் சான்று இல்லை.

ஆனால் உறுதி வேறு, வண்டி வேறு. மாடல் டி வண்டியின் வரைபடங்களில் அங்கேரி நாட்டினின்று குடியேறிய ஜோசப் கலாம்ப் என்பாரின் கை இருந்தது. அதற்கு வேண்டிய இலேசான, வலிய வனேடியம் கலந்த எஃகை ஆராய்ந்து பயன்படுத்தியதில் சைல்டு ஹெரால்டு வில்ஸ் என்பாருக்குப் பெரும்பங்கு உண்டு. இன்றளவும் அந்நிறுவனத்தின் சின்னமாக விளங்கும் ‘ஃபோர்டு’ என்னும் எழுத்தின் வடிவம்கூட வில்ஸ் வரைந்ததிலிருந்து பிறந்ததே.

ஃபோர்டு என்றவுடன் மாணவர் நினைவுக்கு வருவது நகரும் தொடர்வரிசை. தொழிலாளி வேலையைத் தேடிச் செல்லாமல், வேலை தொழிலாளியைத் தேடி வரும் முறை அது. அதன் பிறப்பைச் சற்று விரிவாகக் காண்போம். சிகாகோ நகரத்து இறைச்சிக் கூடங்களில், மேலே ஓடும் கொக்கிகளில் தொங்கிச் செல்லும் விலங்குடலைத் தொழிலாளர் வரிசையாக நின்று ஒவ்வொரு துண்டாக அறுத்து எடுப்பர். வில்லியம் கிளான் என்னும் மேற்பார்வையாளர் அதனைக் கண்டு வந்து, பிரிக்கும் வேலை இவ்வாறு நடக்குமானால் கூட்டும் வேலையும் நடக்கும் என்று கருதினார். 1913-இல் முதற்கண் மின்பொறி உண்டாக்கும் சிற்றுறுப்பொன்றில் இதனைச் சோதித்தனர். அதுகாறும் ஒருவர் ஓர் உறுப்பை முடிக்க ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆயின. வேலையை 29 பேருக்குப் பகிர்ந்தபோது ஓர் உறுப்புக்கான உழைப்பு 13 நிமிடமாயிற்று. பலகையின் உயரத்தையும் நகரும் விரைவையும் திருத்தத் திருத்த அது 5 நிமிடமாகக் குறைந்தது. வண்டியின் அடிச்சட்டத்தைக் கோப்பதற்குப் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த நிலை மாறி, 1914-இல் 93 நிமிடங்களே போதுமானதாயிற்று. இக்கணக்குகளையெல்லாம் கையில் கடிகாரத்தோடு நின்று ஆராய்ந்தவருள் கிளாரன்ஸ் ஏவரி முக்கியமானவர். அவர் முன்னர்ப் பள்ளியில் கைத்தொழில் கற்பித்த ஆசிரியர். ஃபோர்டின் மகனுக்கும் அவரே ஆசான். சோரன்சன், மார்ட்டின் முதலிய மேலாளரும் இதிற் பங்குகொண்டனர். ஃபோர்டு செய்தது என்ன? இடமும் பணமும் கொடுத்தார். தவறு நேர்ந்தால் தண்டிக்காமல் மீண்டும் முயல விட்டார். அது சிறிய செயலன்று. எனினும் கண்டுபிடித்தவர் அவர் என்று எழுதுவது பொருந்தாது.

உலகம் அவ்வாறுதான் எழுதிற்று. 1922-இல் வெளியான அவருடைய தன்வரலாறு வேறொரு எழுத்தாளரின் துணையோடு எழுதப்பட்டது. 1926-இல் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் ‘பேரளவு உற்பத்தி’ பற்றி அவர் பெயரில் வெளிவந்த கட்டுரையை எழுதியவர் அவருடைய அலுவலர் ஒருவர். வண்டியைப் போலவே புகழையும் பிறர் கோத்துத் தர, பெயர் மட்டும் ஒருவருடையதாயிற்று.

தொடர்வரிசையின் சுமையைத் தாங்கியவர் தொழிலாளர். நாள் முழுதும் ஒரே திருகாணியைத் திருகும் வேலையில் எவரும் நிலைக்கவில்லை. 1913-இல் ஏறத்தாழ 14,000 பேரைப் பணியில் நிறுத்துவதற்கு 52,000 பேரை வேலைக்குச் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 சனவரி 5-இல் அறிவிக்கப்பட்ட நாளொன்றுக்கு 5 டாலர் ஊதியம் இந்நெருக்கடியிற் பிறந்ததாகும். அதனைக் கசன்ஸே வற்புறுத்தினார் என்பாரும் உளர். அவ்வூதியத்தை முழுமையாகப் பெற, தொழிலாளர் தம் வீட்டு வாழ்க்கையை நிறுவனத்து ஆய்வாளர்க்குத் திறந்து காட்ட வேண்டியிருந்தது என்பதைப் பாராட்டுரைகள் பெரும்பாலும் கூறுவதில்லை.

பின்னர் அவர்கள் ஒவ்வொருவராகப் பிரிந்தனர். டாட்ஜ் உடன்பிறந்தார் 1914-இல் தம் பெயரிலேயே வண்டி செய்யத் தொடங்கினர். 1915-இல் கசன்சும், 1919-இல் வில்சும் விலகினர். அவ்வாண்டிலேயே பங்குகள் அனைத்தையும் வாங்கி ஃபோர்டு குடும்பம் தனியுரிமை பெற்றது. உற்பத்தியில் வல்லவரான வில்லியம் நுட்சன் 1921-இல் வெளியேறி, போட்டி நிறுவனத்தின் செவர்லே பிரிவுக்குத் தலைவரானார். 1927-இல் செவர்லே ஃபோர்டை முந்தியது. தனியுரிமை முழுமையுற்ற பின்னரே சறுக்கலும் தொடங்கிற்று என்பது நோக்கத்தக்கது.

இனி இரப்பரின் கதைக்கு வருவோம். 1926-இல் ஃபோர்டு நிறுவனம் சிங்கப்பூரில் தன் மலாயாக் கிளையைத் தொடங்கியது. புக்கிட் தீமாவில் 1941-இல் எழுந்த அதன் தொழிற்கூடத்தில்தான் 1942 பிப்ரவரி 15-இல் பிரிட்டிஷார் சப்பானியரிடம் சரணடைந்தனர் என்பதை மாணவர் அறிவர். ஆயின் அதற்கு முன்பே மலாயாவின் கை ஃபோர்டின் தொழிலில் கலந்திருந்தது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளிலிருந்து பெருகிய மரங்கள் அவை. மரத்தைக் கொல்லாமல் நாடோறும் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநர் ரிட்லி வகுத்தார். பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவி, உள்ளிருக்கும் உயிர்ப்படையைத் தொடாமல் கத்தியை நிறுத்தும் பழக்கம் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளரின் விரல்களில் ஊறியது. 1920-களின் பிற்பகுதியில் வசதியுள்ள வட்டாரங்களில் அவர்க்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆடவர்க்கு 50 காசு, பெண்டிர்க்கு 40 காசு. ஃபோர்டு கணக்கில் இக்கைகளுக்குப் பெயரில்லை. இரப்பர் விலை என்னும் ஒரு வரி மட்டுமே உண்டு.

அவ்வரி 1922-இல் அவரை உறுத்தத் தொடங்கியது. வீழ்ந்த விலையை உயர்த்தப் பிரிட்டிஷார் ஸ்டீவன்சன் திட்டத்தின்படி இரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினர். ஃபோர்டு தம் இரப்பரைத் தாமே விளைவிக்கத் துணிந்து, 1927-இல் பிரேசில் நாட்டில் தப்பாசோசு ஆற்றங்கரையில் ஏறத்தாழ 25 இலட்சம் ஏக்கர் காட்டைப் பெற்றார். இரப்பரின் தாயகமே அமேசான் காடு; பணத்துக்குக் குறைவில்லை; முன்போல் பங்குதாரர் தடையும் இல்லை. ஃபோர்டுலாண்டியா என்று அதற்குப் பெயரிட்டனர். தொடக்கத்தில் அதனை நடத்தியவருள் இரப்பர் பயிரை அறிந்தவர் இல்லை. மேலாளராக இருந்தவருள் ஒருவர் கப்பல் தலைவர். மிச்சிகன் ஊரைப் போலவே வீடுகளும் சங்கொலியும் வருகைக் கடிகாரமும் அக்காட்டில் தோன்றின. 1930 திசம்பரில் உணவுக்கூடத்தில் மூண்ட கலகத்தில் தொழிலாளர் அக்கடிகாரங்களை உடைத்தெறிந்தனர். நெருக்கமாக நட்ட மரங்களின் இலைகள் ஒன்றையொன்று தொட்டபோது, அக்காட்டுக்கே உரிய இலைக்கருகல் நோய் மரத்துக்கு மரம் தாவியது. அந்நோய் கடல் கடந்து மலாயாவுக்கு வரவில்லை. அது இங்குள்ளோர் திறமையால் அன்று, நற்பேற்றால் நேர்ந்தது என்பதையும் கூறத்தான் வேண்டும்.

நோயறிந்த வல்லுநரொருவரைப் பிற்பாடு அழைத்தனர். 1934-இல் பெல்தெர்ரா என்னும் இடத்தில் புதுத் தோட்டம் எழுந்தது. தென்கிழக்காசியாவினின்று பால் வளம் மிக்க ஒட்டுக்கன்றுகளைக் கொண்டுசென்று நட்டனர். பிரேசிலிலிருந்து வந்த விதையின் வழித்தோன்றல்கள் மீண்டும் பிரேசிலை அடைந்தன. தாயகத்து நோய் அவற்றையும் விடவில்லை. 1945-இல் ஃபோர்டின் பேரன் அத்தோட்டங்களை ஏறத்தாழ இரண்டரை இலட்சம் டாலருக்குப் பிரேசில் அரசிடமே ஒப்படைத்தார். அதற்குள் செலவாகியிருந்தது ஏறத்தாழ 2 கோடி டாலர். ஹென்றி ஃபோர்டு அவ்விடத்தை ஒருமுறையேனும் நேரிற் சென்று கண்டதில்லை. அவர் தொழிற்கூடங்களுக்குப் போதிய இரப்பரும் அங்கிருந்து வந்ததில்லை.