வடக்கின் முதல் பெண் முதல்வர் – 7: எதிர்வரிசையில் கணவர்

1963 அக்டோபர் 2. சென்னையில் காமராஜர் கோட்டையை விட்டு இறங்கி, பக்தவத்சலத்திடம் பொறுப்பைக் கொடுத்த அதே காந்தி ஜயந்தியன்று, லக்னோவில் சுசேதா கிருபளானி முதலமைச்சராகப் பதவியேற்றார். இந்தியாவில் ஒரு மாநிலத்துக்குப் பெண் முதல்வர் வந்தது அதுவே முதல் தடவை. இரண்டுக்கும் காரணம், பதவியை விட்டுவிட்டுக் கட்சிப் பணிக்குப் போகச் சொன்ன காமராஜர் திட்டம்தான். அதன்படி ராஜினாமா செய்த ஆறு முதல்வர்களில் உத்தரப் பிரதேசத்துச் சந்திரபானு குப்தாவும் ஒருவர்.

நம்மவர் மனமுவந்து போனார். குப்தா புழுங்கிக்கொண்டே போனார். போகிற போக்கில், எதிர்க்கோஷ்டியின் கமலாபதி திரிபாதிக்கு நாற்காலி வாய்த்துவிடக் கூடாதென்று சுசேதாவை ஆதரித்தார். பொம்மை கிடைத்தது என்று அவர் நினைத்திருந்தால், ஆளைத் தெரியாமல் நினைத்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

சுசேதா ஆட்சியில் அரசு ஊழியர்கள் நடத்திய 62 நாள் வேலைநிறுத்தத்துக்குள் இந்த வாரம் நுழைவதாக இருந்தோம். ஆனால் சுசேதாவின் வீட்டுக்காரரைப் பார்க்காமல் எப்படி நகர்வது?

ஒல்லி உடம்பு, தோளில் புரளும் முடி, குத்தலான பேச்சு: இதுதான் ஆச்சார்ய கிருபளானி. நாடு விடுதலை பெற்றபோது காங்கிரஸ் தலைவர். 1951இல் அதே காங்கிரஸை விட்டு வெளியேறி கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியைத் தொடங்கினார். 1962 தேர்தலில் வடக்கு பம்பாயில் கிருஷ்ண மேனனை எதிர்த்துத் தோற்றார். மறு ஆண்டே அம்ரோகா இடைத்தேர்தலில் ஜெயித்து மக்களவைக்குள் வந்தவர், ஆகஸ்டில் நேரு அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். சுதந்திர இந்தியா கண்ட முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் அது. சீனப் போரின் புண் ஆறாத நேரம். நாலு நாள் விவாதம் நடந்தது. ஆதரவாக 62 ஓட்டு, எதிராக 347. (62 என்ற எண் இந்தக் குடும்பத்தை விடாது போலிருக்கிறது!)

டில்லியில் கணவர் நேருவைக் கவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தபோது, லக்னோவில் மனைவி காங்கிரஸ் அமைச்சர். இரண்டே மாதத்துக்குள் அவர் காங்கிரஸ் முதல்வர்!

இத்தனைக்கும் 1952இல் இருவரும் ஒரே கட்சிதான். கணவரின் புதுக்கட்சி வேட்பாளராகப் புதுடில்லியில் நின்ற சுசேதா, நேருவின் உறவினரான காங்கிரஸ் வேட்பாளர் மன்மோகினி சாகலைத் தோற்கடித்தார். பிறகு காங்கிரஸுக்குத் திரும்பி, 1957இல் அதே தொகுதியில் காங்கிரஸ்காரராக ஜெயித்தார். கணவர் திரும்பவில்லை. சுசேதாவும் அவருக்காகக் காத்திருக்கவில்லை.

யாருக்காகவும் தன் முடிவை மாற்றிக்கொள்ளாத குணம் 1936லேயே தெரிந்துவிட்டது. அம்பாலாவில் பிறந்து, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த வங்கப் பெண், தன்னைவிட இருபது வயது மூத்த சிந்திக்காரரைக் கட்டிக்கொள்வேன் என்கிறார். இரண்டு வீட்டிலும் எதிர்ப்பு. வீட்டாரை விடுங்கள், காந்தியே எதிர்த்தார். கிருபளானி அவருக்கு வலக்கை. கல்யாணமானால் அந்தக் கை தளர்ந்துவிடும் என்பது அவர் கவலை. உங்களுக்கு ஒரு தொண்டருக்குப் பதில் இரண்டு பேர் கிடைப்பார்களே என்றார் சுசேதா. காந்தி மசியவில்லை. வேறொருவரை மணந்துகொள் என்று யோசனை சொல்லும் அளவுக்குப் போனார்! அது அநியாயம் என்று சுசேதா முகத்துக்கு நேரே மறுத்தார். கடைசியில், ஆசீர்வாதம் கிடையாது, உங்களுக்காகப் பிரார்த்தனை மட்டும் செய்கிறேன் என்றாராம் காந்தி. மகாத்மாவாகவே இருந்தாலும், இந்த விஷயத்தில் நியாயம் சுசேதா பக்கம்தான்.

சொன்னபடியே இரண்டாவது தொண்டராகவும் ஆனார். 1942இல் தலைமறைவுப் போராட்டம், 1944இல் கைது. 1946 அக்டோபரில் மதக் கலவரத்தில் நவகாளி பற்றி எரிந்தபோது காந்திக்கு முன்னதாகவே அங்கே போய்ச் சேர்ந்தார். 1947 ஆகஸ்ட் 14 இரவு 11 மணிக்கு அரசியல் நிர்ணய சபை கூடியபோது, முதல் நிகழ்ச்சியே சுசேதா பாடிய வந்தே மாதரம்தான். அதன் பிறகுதான் நேருவின் புகழ்பெற்ற பேச்சு.

இப்படிப்பட்டவரிடம்தான் உத்தரப் பிரதேச அரசு ஊழியர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஊழியர் தலைவர்கள் சமரசத்துக்கு இறங்கிவரும் வரை சுசேதா அசைந்து கொடுக்கவில்லை. அந்த 62 நாள் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)